ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டும்: குற்ற வழக்குகள் பற்றி வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: நானாவதி வழக்கோடு இந்தியாவில் ஜூரி முறை (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழு ‘குற்றவாளியா, இல்லையா’ என்று முடிவு சொல்வது) ஒழிந்தது என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த வழக்கிலும் ஜூரி உட்காரவே இல்லையா?

பதில்: சொல்வதற்குச் சுவையான கதை. நடந்தது வேறு. மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது 1959இல் பம்பாயில் நடந்த அந்த வழக்கில் ஒன்பது ஜூரிகளில் எட்டுப் பேர் ‘குற்றவாளி அல்ல’ என்றார்கள். அமர்வு நீதிபதி அதை ஏற்கவில்லை. அன்றிருந்த 1898ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தின் 307ஆம் பிரிவின்படி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் ஜூரி முறையைக் கைவிடலாம் என்று சட்ட ஆணையம் 1958லேயே, தன் 14ஆவது அறிக்கையில் எழுதிவிட்டது. நானாவதி துப்பாக்கியை எடுத்தது அதற்கு அடுத்த ஆண்டு. வழக்குக்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி விசாரணை தொடர்ந்தது. முழுதாக முடித்து வைத்தது 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்.

நமக்கு நெருக்கமான ஜூரி வழக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. 1945இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜூரியின் முடிவின் பேரில்தான் தியாகராஜ பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் தண்டனை கிடைத்தது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி சென்னைக்கு வந்து, 1947இல் விடுதலையானார்கள்.

ஒரு கொசுறு: பார்சி திருமண, விவாகரத்து வழக்குகளில் நீதிபதியோடு ஐந்து சமூகப் பிரதிநிதிகள் அமரும் ஏற்பாடு 1936ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. அவை குற்ற வழக்குகள் அல்ல.

கேள்வி: என் அண்ணன் மீது கொலை முயற்சி வழக்கு, அமர்வு நீதிமன்றத்தில் நடக்கிறது. எல்லாமே ஒரே நீதிபதி கையில் என்பது பயமாக இருக்கிறது. அவர் தவறினால் எங்கே பிடிப்பது?

பதில்: ஜூரி ‘குற்றவாளி’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடலாம். நீதிபதிக்கு அந்தச் சலுகை கிடையாது. தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகள் எவை, ஒவ்வொன்றிலும் அவர் கண்ட முடிவு என்ன, அதற்குக் காரணம் என்ன என்று மூன்றையும் தீர்ப்பில் எழுதியாக வேண்டும். மேல்முறையீட்டில் நீங்கள் தாக்கப்போவது அந்தக் காரணங்களைத்தான். அதற்கான பொருளை முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும்.

முதல் வாய்ப்பு, குற்றச்சாட்டு வனைவதற்கு (இன்ன குற்றத்துக்கு விசாரணை என்று நீதிமன்றம் எழுத்தில் வகுப்பதற்கு) முன். ஆவணங்களை அப்படியே ஏற்றாலும் வழக்கு நிற்காது என்றால் விடுவிப்பு மனு போடலாம். 1973ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இதற்கு 60 நாள் கெடு வைத்திருக்கிறது. வழக்கு அமர்வு நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்ட தேதியிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும். பலர் குற்றப்பத்திரிகை நகலை முழுதாகப் படித்து முடிப்பதற்குள் இந்தக் கெடு ஓடிவிடுகிறது.

அடுத்தது சாட்சிகள். சாட்சியம் பதிவானதும் அன்றன்றைக்கே நகல் மனு போட்டு வாங்கிவிடுங்கள். சாட்சி சொன்னதும் பதிவில் இருப்பதும் வேறாக இருந்தால் சாட்சி கூண்டில் இருக்கும்போதே சொல்ல வேண்டும். மூன்று மாதம் கழித்து ‘அவர் அப்படிச் சொல்லவில்லை’ என்பது எடுபடாது. விசாரணை இழுத்து நடுவில் நீதிபதி மாறுதலாகிப் போனால், புதிதாக வருபவர் முந்தையவர் பதிந்த சாட்சியத்தின் மீதே தீர்ப்பு எழுதலாம். சாட்சி தடுமாறியதை அவர் பார்த்திருக்க மாட்டார். காகிதத்தில் இருப்பது மட்டுமே அவருக்குத் தெரியும். ஒரு சாட்சி பதில் சொல்லாமல் வெகுநேரம் நின்றார் என்றால், அந்த நடத்தையைக் குறித்துக்கொள்ளும்படி வக்கீல் அங்கேயே கேட்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மூன்றாவது, எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, நீதிபதி நேரடியாகக் கேள்வி கேட்கும் கட்டம். பழைய 313ஆம் பிரிவு, இப்போது 351. எதிரிக்குப் பாதகமான ஒவ்வொரு அம்சத்தையும் தனித்தனிக் கேள்வியாக அவர் முன் வைக்க வேண்டும். வைக்கப்படாத அம்சத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. நடைமுறையில் இரண்டு கோளாறுகள் வருகின்றன. நான்கைந்து சாட்சிகள் சொன்னதை ஒரே நீளக் கேள்வியாகக் கட்டிக் கேட்பது ஒன்று. எல்லாவற்றுக்கும் ‘பொய்’ என்ற ஒரே பதிலைச் சொல்லிவிட்டு எதிரி இறங்கிவிடுவது மற்றொன்று. முன்னதற்கு உடனே ஆட்சேபணை சொல்ல வேண்டும். பின்னது நீங்களே வாய்ப்பைக் கொட்டிக் கவிழ்ப்பது. விளக்கம் இருந்தால் சொல்லும் இடம் அதுதான், எழுதியும் கொடுக்கலாம்.

வாதம் முடிந்த 30 நாளுக்குள் தீர்ப்பு வர வேண்டும். காரணம் எழுதி 45 நாள் வரை நீட்டலாம். தண்டனை என்றால் தீர்ப்பு நகல் எதிரிக்கு இலவசம். உயர் நீதிமன்ற மேல்முறையீட்டுக்கு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள் மட்டுமே. ஆனால் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்றவே முடியாது.

கேள்வி: காவல்துறையிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்கிறார்கள். ஆனால் நீதிபதி அதைப் படித்துவிடுகிறாரே! ஜூரி என்றால் வெளியே அனுப்பிவிடலாம். படித்ததை நீதிபதி எப்படி மறப்பார்?

பதில்: மறக்க மாட்டார். ஜூரி இல்லாத விசாரணையின் மிக மெலிந்த இடம் இதுதான். பயிற்சி பெற்ற நீதிபதி ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிடுவார் என்று சட்டம் அனுமானிக்கிறது. அமெரிக்க நீதிமன்றங்களும் இதே அனுமானத்தில்தான் ஓடுகின்றன. அனுமானம் நல்லதுதான், அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

இந்தியாவில் செய்யக்கூடியது இது. காவல்துறையிடம் சொன்ன ஒப்புதலில், அதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளுக்கு நேரடியாக இட்டுச்சென்ற பகுதி மட்டுமே சாட்சியமாகும். ‘கத்தியை இந்தப் புதரில் போட்டேன்’ என்பது வரலாம். ‘அதனால்தான் குத்தினேன்’ என்பது வரக் கூடாது. புலன் விசாரணை அதிகாரி கூண்டில் ஏறி வாக்குமூலம் முழுவதையும் சான்றாவணமாகக் குறியிட முயல்வார். ‘ஒப்புக்கொள்ளத்தக்க பகுதி மட்டும்’ என்று அந்த நிமிடமே ஆட்சேபித்து, ஆட்சேபணையையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். தீர்ப்பில் ஒதுக்க வேண்டிய பகுதியின் வாடை எங்காவது வீசினால் அது மேல்முறையீட்டுக்கு நல்ல காரணம்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இதற்குத் தனி விசாரணை நடக்கும். வாக்குமூலம் தானாகக் கொடுத்ததா, சோதனை சட்டப்படி நடந்ததா என்று முதலில் பார்த்து முடிவு சொல்வார்கள். கனடாவில் அந்தத் தனி விசாரணையில் வந்த சாட்சியம், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஒழிய, மூல விசாரணைக்குள் தானாக வராது. ஜூரி இல்லாத வழக்கில் நேரம் மிச்சம் என்று ‘அதை இதிலும் சேர்த்துக்கொள்ளலாமா’ என்று கேட்பார்கள். யோசிக்காமல் தலையாட்டக் கூடாது.

கேள்வி: கனடாவில் என் தங்கை மகன் மீது வழக்கு. எந்த நீதிமன்றம் வேண்டும், ஜூரியா நீதிபதியா என்று தேர்வு செய்யச் சொல்கிறார்கள். வக்கீல் ‘நீதிபதி மட்டும்’ என்கிறார். பன்னிரண்டு பேர் முடிவு செய்வது பாதுகாப்பு அல்லவா?

பதில்: முதலில், தேர்வு செய்யும் உரிமை எந்த வழக்குக்கு என்று பாருங்கள். சுருக்க முறை வழக்கு (சிறு குற்றங்களுக்கான எளிய விசாரணை) என்றால் மாகாண நீதிமன்ற நீதிபதி மட்டுமே. ஜூரி என்ற பேச்சே இல்லை. அதிகபட்சத் தண்டனை ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ என்றால் ஜூரி கேட்கும் உரிமையை உரிமைச் சாசனத்தின் 11ஆவது பிரிவு தருகிறது. கொலை வழக்கில் நிலைமை தலைகீழ். அங்கே ஜூரிதான் விதி. நீதிபதி மட்டும் வேண்டும் என்றால் எதிரியும் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலும் இருவருமே சம்மதிக்க வேண்டும். ஜூரியைத் தவிர்ப்பது அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1989இல் டர்ப்பின் வழக்கில் சொல்லிவிட்டது.

தங்கை மகனுக்கு மூன்று வழிகள்: மாகாண நீதிமன்ற நீதிபதி, உயர்நிலை நீதிமன்றத்தில் நீதிபதி மட்டும், அங்கேயே ஜூரியோடு. காலக் கணக்கும் மாறும். 2016இல் ஜோர்டன் வழக்கில் வகுத்த வரம்பின்படி, குற்றம் சாட்டியதிலிருந்து விசாரணை முடிய மாகாண நீதிமன்றத்தில் 18 மாதம், உயர்நிலை நீதிமன்றத்தில் 30 மாதம். எதிரித் தரப்பே இழுத்த நாள்களைக் கழித்து, மீதி வரம்பைத் தாண்டினால் அரசுத் தரப்புதான் விளக்கம் சொல்ல வேண்டும்.

எது நல்லது என்பது வழக்கின் தன்மையைப் பொறுத்தது. தற்காப்பு சட்ட நுணுக்கத்தில் நிற்கிறதா? அடையாளம் காட்டியதில் ஓட்டை, கணக்குப் புத்தகங்கள், தடயவியல் அறிக்கை, படித்தாலே வயிறு கலங்கும் குற்றச்சாட்டு, எதிரியின் தோற்றத்தையோ உச்சரிப்பையோ வைத்து முன்முடிவு எழும் பயம் — இவற்றில் நீதிபதி பரவாயில்லை. மாறாக, ‘சட்டப்படி தவறுதான், ஆனால் அந்த நிலையில் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்’ என்று சாதாரண மனிதர்களின் மனசாட்சியைத் தொட வேண்டிய வழக்கு ஜூரிக்கு உரியது. காவல்துறைச் சாட்சியின் நம்பகத்தன்மை மட்டுமே கேள்வி என்றால் நாங்கள் ஜூரிப் பக்கம் சாய்வோம். அதே அதிகாரிகளை வாரந்தோறும் கூண்டில் பார்த்துப் பழகிய கண்ணும் முதல் முறை பார்க்கும் கண்ணும் ஒன்றல்ல.

பன்னிரண்டு பேரும் ஒருமித்தால்தான் முடிவு. ஒருவர் பிடிவாதமாக நின்றாலே மறு விசாரணைக்குப் போகலாம். தனி நீதிபதியிடம் அந்த இடைநிலை கிடையாது. அதற்கு ஈடாகக் கிடைப்பது எழுதப்பட்ட காரணங்கள். 2002இல் ஷெப்பர்ட் வழக்கில், மேல்முறையீட்டில் அலசிப் பார்க்க முடியாத அளவுக்குக் காரணம் வெறுமையாக இருந்தால் அதுவே சட்டப் பிழை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிரி தானே சாட்சி சொல்லும் வழக்குகளில் 1991ஆம் ஆண்டு தீர்ப்பு ஒன்று மூன்று படிகளை வகுத்திருக்கிறது. எதிரி சொல்வதை நம்பினால் விடுதலை. நம்பாவிட்டாலும் அதனால் நியாயமான சந்தேகம் எழுந்தால் விடுதலை. சந்தேகம் எழாவிட்டாலும், ஏற்றுக்கொண்ட மற்றச் சாட்சியங்கள் குற்றத்தை ஐயமற நிரூபிக்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ‘புகார் கொடுத்தவர் பேச்சு நம்பும்படி இருக்கிறது, எதிரி பேச்சு அப்படி இல்லை’ என்று இரண்டையும் தராசில் வைத்து நிறுத்தி முடிவு கட்டிய தீர்ப்புகள் மேல்முறையீட்டில் கவிழ்கின்றன. வக்கீலிடம் இந்த மூன்று படியைக் கேளுங்கள்.

இரண்டு பள்ளங்கள். உடன் எதிரிகள் இருந்து ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுத்தால், நீதிமன்றம் ‘நீதிபதி மட்டும்’ தேர்வைப் பதிய மறுக்கலாம். ஜூரி கேட்டுவிட்டு விசாரணை நாளில் தகுந்த காரணமின்றி வராமல் போனால் ஜூரி உரிமையே போய்விடும்.

கேள்வி: அமெரிக்காவில் நானே ஜூரி வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா?

பதில்: கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீங்கள் சொன்னால் மட்டும் போதாது. குற்ற நடைமுறை விதி 23இன்படி நீங்கள் எழுத்தில் கைவிட வேண்டும், அரசுத் தரப்பு சம்மதிக்க வேண்டும், நீதிமன்றம் ஏற்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஜூரிதான். கைவிடலாம் என்று 1930இல் பேட்டன் வழக்கு சொன்னது. அரசு மறுத்தால் உங்களுக்கு உரிமையில்லை என்று 1965இல் சிங்கர் வழக்கு சொன்னது. மாநிலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். இல்லினாயில் எதிரியின் விருப்பமே போதும். வட கரோலினாவில் 2014இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தும் வரை பெருங்குற்ற வழக்கில் ஜூரியைத் தவிர்க்கவே முடியாது. மரண தண்டனை வழக்கில் இப்போதும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு மேற்படாத தண்டனை உள்ள சிறு குற்றங்களில் பொதுவாக ஜூரி உரிமையே இல்லை. அப்படிப்பட்ட பல குற்றச்சாட்டுகளைக் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டுகிறதே என்ற வாதமும் 1996இல் தோற்றுவிட்டது.

கையெழுத்துப் போடும் முன் எந்த நீதிபதி விசாரிக்கப்போகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கைவிட்ட பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறுவது பெரும்பாலும் நீதிபதி கருணையில்தான் இருக்கிறது. இன்னொன்று: காரணங்களைத் தனித்தனியாகச் சொல்லும்படி கேட்பதாக இருந்தால் நீதிபதி முடிவை அறிவிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்காவிட்டால் ‘குற்றவாளி’ என்ற ஒரு சொல்லோடு அவர் முடித்துவிடலாம். அப்புறம் மேல்முறையீட்டில் பிடிக்கக் கொம்பு இருக்காது.

சோதனை சட்டவிரோதம் என்ற ஒரே வாதம்தான் இருக்கிறது, அதில் தோற்றாகிவிட்டது, ஆனால் மேல்முறையீடு செய்யும் வழி திறந்திருக்க வேண்டும் என்றால், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், சம்பவ விவரங்களை மட்டும் இரு தரப்பும் எழுதி ஒத்துக்கொண்டு நீதிபதி முன் வைக்கும் வழி உண்டு. விசாரணை ஒரு மணி நேரத்தில்கூட முடிந்துவிடும்.

கேள்வி: இங்கிலாந்தில் ஜூரியைப் புனிதமாக மதிக்கிறார்கள். அங்கே நீதிபதி மட்டும் விசாரித்தது உண்டா?

பதில்: புனிதம் எல்லாம் பெரிய குற்றங்களை விசாரிக்கும் கிரௌன் கோர்ட்டில். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குற்ற வழக்குகள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே முடிகின்றன. அங்கே சட்டம் படிக்காத இரண்டு மூன்று மாஜிஸ்திரேட்டுகளோ ஒரு மாவட்ட நீதிபதியோ அமர்வார்கள். கிரௌன் கோர்ட்டில் ஜூரியை விலக்க 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இடம் தருகிறது. ஜூரியை யாராவது மிரட்டவோ வளைக்கவோ செய்யும் உண்மையான ஆபத்து இருக்க வேண்டும். காவல் பாதுகாப்புப் போட்டாலும் அது தீராது என்றும் காட்ட வேண்டும். ஹீத்ரோ விமான நிலையக் கிடங்கில் 2004இல் நடந்த கொள்ளை வழக்கு இப்படித்தான் ஜூரியைக் கலைத்து, 2010இல் தனி நீதிபதி முன் முடிந்தது. நால்வருக்குத் தண்டனை. அந்தச் சட்டப்படி தண்டிக்கும் நீதிபதி காரணத்தை எழுதியே ஆக வேண்டும்.

வட அயர்லாந்தில் இது பழைய கதை. ஆயுதக் குழுக்களின் மிரட்டலுக்குப் பயந்து 1973 முதல் ‘டிப்ளாக் நீதிமன்றங்கள்’ ஜூரி இல்லாமல் நடந்தன. அங்கே தண்டிக்கப்பட்டவர் அனுமதி கேட்காமலேயே மேல்முறையீடு செய்யலாம் என்பது அதற்கான ஈடு.

கேள்வி: இலங்கையில் மேல் நீதிமன்ற (ஹைகோர்ட்) வழக்குகளில் சிலவற்றில் ஜூரி இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஏன்?

பதில்: அங்கே ஜூரி என்பது எதிரி கேட்டு வாங்குவது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள பாரதூரமான குற்றங்களில் எதிரி விரும்பினால் ஏழு பேர் ஜூரி. விரும்பாவிட்டால் மேல் நீதிமன்ற நீதிபதி மட்டும். ஏழில் குறைந்தது ஐந்து பேர் ஒரு பக்கம் நிற்க வேண்டும். எந்த மொழி பேசும் ஜூரி என்பதையும் எதிரியே தேர்ந்தெடுக்கலாம். பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கு அதில் குரல் இல்லை. இதுதான் கசப்பு. 2006இல் கொல்லப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் வழக்கில் சிங்களம் பேசும் ஜூரி 2016 டிசம்பரில் எதிரிகளை விடுவித்தது. ஜூரி காரணம் எழுதாது. எனவே அந்த முடிவை வரிவரியாக எடுத்து ஆராய எதுவும் இல்லை. மூன்றாவது வழி, மூன்று மேல் நீதிமன்ற நீதிபதிகள் சேர்ந்து அமரும் ‘ட்ரயல் அட் பார்’. 2017 செப்டம்பரில் யாழ்ப்பாணத்தில் புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் தீர்ப்பளித்தது அப்படி ஓர் அமர்வுதான்.

கேள்வி: நீதிபதி விடுதலை செய்துவிட்டால் அரசு மேல்முறையீடு செய்ய முடியுமா?

பதில்: அமெரிக்காவில் முடியாது, ஜூரி விடுவித்தாலும் நீதிபதி விடுவித்தாலும் அதோடு சரி. இந்தியாவில் சங்கதிகள் (என்ன நடந்தது என்பது) மீதும் சட்டத்தின் மீதும் செய்யலாம். ஆனால் சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க முடியும் என்றால் விடுதலையில் கை வைக்கக் கூடாது என்பது 2007ஆம் ஆண்டு சந்திரப்பா வழக்கின் நெறி. தென்னாப்பிரிக்காவில், 1969இல் ஜூரி ஒழிந்த நாடு அது, அரசு சட்டக் கேள்வியை மட்டும் எடுத்துப் போகலாம். மூடிய கதவு வழியே காதலியைச் சுட்டுக் கொன்ற ஓட்ட வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கில் நடந்தது அதுதான். 2014இல் நீதிபதி, இரண்டு உதவி மதிப்பீட்டாளர்களோடு அமர்ந்து, ‘கொலை அல்ல, கவனமின்மையால் நேர்ந்த மரணம்’ என்றார். கதவுக்குப் பின்னால் இருப்பவர் சாகலாம் என்று தெரிந்தும் சுட்டாரா என்ற சட்டச் சோதனையை அவர் தவறாகப் பொருத்தியதை அவர் எழுதிய காரணங்களே காட்டிக்கொடுத்தன. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்று மாற்றியது.

அந்த மதிப்பீட்டாளர்கள் வெறும் ஆலோசகர்கள் அல்லர். இருவரும் சேர்ந்தால் சங்கதிகள் விஷயத்தில் நீதிபதியையே மீறலாம். சட்டக் கேள்வி மட்டும் நீதிபதிக்கு.

கேள்வி: ஆஸ்திரேலியாவில்?

பதில்: கூட்டாட்சிச் சட்டக் குற்றம், முறையான குற்றப்பத்திரத்தின் மேல் விசாரணை என்றால் அரசியல் சட்டத்தின் 80ஆம் பிரிவு ஜூரியைக் கட்டாயமாக்குகிறது. எதிரியே வேண்டாம் என்றாலும் விடாது. மாநிலக் குற்றம் என்றால் பேசலாம். நியூ சவுத் வேல்ஸில் விசாரணைத் தேதிக்கு 28 நாள் முன்பாகவாவது மனு போட வேண்டும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் எளிது. அரசு மறுத்தால் நீதியின் நலனைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும். நியாயமான நடத்தை எது, ஆபாசம் எது, கவனக்குறைவு எது என்று சமூகத்தின் அளவுகோலை வைத்துத் தீர்மானிக்க வேண்டிய வழக்கானால் மறுக்கவும் செய்யலாம். அதற்கு ஒருவரை விடப் பன்னிரண்டு பேர் பொருத்தம் என்ற எண்ணம்தான்.

கேள்வி: சிங்கப்பூரில் மரண தண்டனை வழக்கையும் ஒரே நீதிபதிதான் விசாரிக்கிறாராமே?

பதில்: ஆமாம். 1969இல் ஜூரி ஒழிந்தபின் மரண தண்டனை வழக்குகளுக்கு இரண்டு நீதிபதிகள் அமர்ந்தார்கள். 1992 முதல் ஒருவர். தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யாமல் இருந்தாலும் அரசு வழக்கறிஞரே உறுதிப்படுத்தக் கோரி மனு போட்டு, தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் கொண்டுபோக வேண்டும்.